வீட்டுப் போனைப் பிள்ளை கையில் கொடுக்கும் முன்: பெங்களூருக்குக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியாத்தத்தில் இருந்தவரை எங்கள் வீட்டில் போன் ஒரு பேச்சே இல்லை. பள்ளி விட்டால் பிள்ளைகள் தெருவில் கிடப்பார்கள். முருகேஷ்பாளையாவில் இரண்டாவது மாடி போர்ஷனுக்கு வந்த மூன்றாவது மாதம், ஒரு நாள் காலை எட்டரைக்கு என் கணவர் கூப்பிட்டார். "மாரத்தஹள்ளி பாலத்துகிட்ட நிக்கிறேன். மேப் சுத்திக்கிட்டே இருக்கு. டேட்டா தீந்துடுச்சாம், எப்படித் தீரும்?" ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை அந்தப் போன் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சோபாவில், போர்வைக்குள், ஒன்பது வயது மகளிடமும் ஐந்து வயது மகனிடமும்.

அதே வாரம் என் வங்கிக் கணக்கிலிருந்து 499 ரூபாய் போனது. அந்தக் கதை இரண்டாவது படியில் வருகிறது.

அதன்பிறகு மூன்று வாரம் மாலைநேரங்களை இதற்கே செலவழித்தேன். ஆரம்பித்ததே தப்பான இடத்தில். முதலில் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஆப்களைத் தேடி இறக்கினேன், பிறகு டேட்டா, கடைசியாகத்தான் பணம். சரியான வரிசை இதற்கு நேர் எதிர். பணம் போனால் திரும்பி வராது, டேட்டா நள்ளிரவு வந்தால் திரும்பிவிடும், நேரத்தை நாளைக்கும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இது பிள்ளைக்கென்று தனிப் போன் இல்லாத வீடுகளுக்கானது. அம்மா போன், அப்பா போன், பாட்டி போன், ஒரு பழைய டேப், எல்லாம் எல்லார் கையிலும் சுற்றும் வீடு. அங்கே போன் பிள்ளையுடைய பொருள் இல்லை, இரவல் பொருள். பக்கத்து வீட்டுக்கு மிக்ஸி ஜாரைக் கொடுக்கும்போது மூடியைச் சரிபார்த்துக் கொடுப்போம் இல்லையா, அந்தக் கணக்குதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் (பாதிப் பேருக்கு இது நினைவில் இருக்காது, முதல் அரை மணி நேரம் இதிலேயே போகும்), வங்கியில் பதிவான சிம் உள்ள போன், யூபிஐ ஆப், கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட். வீட்டுக்கு வைஃபை போடுவதானால் ஆதாரும் வாடகை ஒப்பந்தமும். முதல் ஐந்து படிகளுக்குக் காசு ஒன்றும் செலவில்லை.

இன்னொன்று. செட்டிங்ஸில் உள்ள பெயர்கள் போனுக்குப் போன் மாறும். நான் சொல்லும் பெயர் உங்கள் போனில் இல்லாவிட்டால் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் பெட்டியில் தட்டுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

1. பூட்டை மாற்றுங்கள், கைரேகைப் பட்டியலைப் பாருங்கள்

கோடு இழுத்துத் திறக்கும் பேட்டர்ன் பூட்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டே இல்லை. கண்ணாடியில் விரல் தடம் தெரியும், நீங்கள் இழுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து நூறு முறை பார்த்திருப்பார்கள். ஆறு இலக்க பின்னுக்கு மாற்றுங்கள். யாருடைய பிறந்தநாளும் வேண்டாம்.

அப்புறம் கைரேகைப் பக்கத்தைத் திறந்து எத்தனை விரல் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். நான் பதிந்தது இரண்டு, பட்டியலில் இருந்தது மூன்று. மூன்றாவது விரல் யாருடையது என்று கேட்டதும் மகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பழைய பேட்டர்ன் தெரிந்தவர்கள் தங்கள் விரலையும் சேர்த்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். இதை விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். இப்போது சில யூபிஐ ஆப்களில் பின்னுக்குப் பதில் கைரேகை வைத்தே பணம் அனுப்ப முடிகிறது. போனில் பதிவான விரல் எல்லாம் உங்கள் விரலாகத்தான் எண்ணப்படும்.

பூட்டின் பின்னும் யூபிஐ பின்னும் ஒன்றாக இருந்தால் இன்றைக்கே ஒன்றை மாற்றுங்கள்.

2. பணத்தின் வாசலை அடையுங்கள்

499 ரூபாய் கதை இதுதான். இரவு தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மகள் போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "அம்மா, இதுல பின் போடேன். ரெண்டே ரூபாதான். கலர் பண்ற ஆப்." மாவுக் கை. சுண்டுவிரலால் ஆறு எண்ணையும் தட்டினேன். திரையில் 'ஆட்டோபே' என்று ஒரு சொல் இருந்திருக்கும், நான் பார்த்தது 2 என்ற எண்ணை மட்டும். இரண்டு ரூபாய்க்குச் சில நாள் சோதனை, அதற்குப்பிறகு தானாக 499 என்று சம்மதம் கொடுத்தது நானேதான்.

விதிப்படி, இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். வந்திருந்தது. கடன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வந்த பதினைந்து எஸ்எம்எஸ்களுக்கு நடுவே. 15,000 ரூபாய்வரை ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின்னோ கேட்காமலே பிடிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் பொதுவான வரம்பு. பிள்ளை கைக்குப் போகும் போனுக்கு இது பெரிய தொகை.

செய்ய வேண்டியது: யூபிஐ ஆப்பைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ஆட்டோபே என்ற பகுதிக்குப் போங்கள். இப்போது உயிரோடு இருக்கும் சம்மதங்கள் எல்லாம் அங்கே இருக்கும். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து ரத்து செய்தால் யூபிஐ பின் கேட்கும், போட்டால் முடிந்தது. வீட்டில் எத்தனை யூபிஐ ஆப் இருக்கிறதோ அத்தனையிலும் பாருங்கள். பணம் பிடிக்கும் நாளுக்கு ஒரு நாளாவது முன்னால் செய்துவிடுங்கள்.

இங்கே எல்லாரும் விழும் பள்ளம்: ஆப்பை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பது. நானும் கோபத்தில் முதலில் ஆப்பைத்தான் அழித்தேன். சம்மதம் வங்கியிடம் இருக்கிறது, ஆப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் போகும்.

அடுத்து பிளே ஸ்டோர். படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குள் போனால், வாங்கும்போது சரிபார்க்கும் வசதி இருக்கும். 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' என்பது போன்ற பெயர். அதை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்ற தேர்வும் இருக்கிறது, அது வேண்டாம். நீங்கள் ஒரு முறை சரிபார்த்துவிட்டுப் போனைக் கொடுத்தால் அடுத்த அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். பிளே ஸ்டோர் கணக்கில் கிஃப்ட் கோடு வழியாகப் பணம் போட்டு வைத்திருந்தால் அதைச் செலவழிக்க வங்கியின் ஓடிபி வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

பிளே ஸ்டோர் வழியாகவே பணம் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோர் இணையப் பக்கத்தின் ஆர்டர் பட்டியலிலிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீட்டில் ஒருவர் சொல்லாமல் வாங்கிவிட்டார் என்பதும் அங்கே உள்ள காரணங்களில் ஒன்று. கூச்சப்படாமல் அதையே தேர்ந்தெடுங்கள். எங்கள் 499 நேராக யூபிஐ வழியாகப் போனதால் இந்த வழி அடைத்துவிட்டது. அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது, பணம் வரவில்லை.

மூன்றாவது, யூபிஐ லைட். இதில் பின் கேட்காமலே ஒரு முறைக்கு 1,000 ரூபாய்வரை போகும், உள்ளே 5,000 வரை போட்டு வைக்கலாம். எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் டிக்கெட் எடுக்க அருமையான வசதி. பிள்ளை கைக்குப் போகும் போனில் அதில் 200 ரூபாய்க்குமேல் வைக்காதீர்கள், அல்லது எடுத்துவிடுங்கள். யூபிஐ ஆப்பைத் திறக்கும்போதே பூட்டுக் கேட்கும் வசதி அதன் செட்டிங்ஸில் இருக்கும், அதையும் போடுங்கள்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆனால் ஆட்டத்துக்குள் வைரம், காயின், உடை வாங்குவது அந்தத் தடையில் வராது. பிள்ளைகள் கேட்பது இரண்டாவது வகையைத்தான்.

மொபைல் பேலன்ஸிலிருந்து காலர் டியூன், கேம்ஸ் பேக் என்று எதுவோ பிடிக்கப்பட்டிருந்தால் 155223 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டு நிறுத்தலாம். யாரோ ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால் வேறு யோசனை வேண்டாம், உடனே 1930 (இணைய மோசடிக்கான உதவி எண்).

3. டேட்டா எந்த ஓட்டையில் போகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்ற பேக்தான் நம்மில் பலரிடம் இருக்கும். நள்ளிரவில் நிரம்பும், தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் மேப் திறக்காது, இளநீர்க் கடையில் யூபிஐயும் சுற்றிக்கொண்டே நிற்கும். பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும் எஸ்எம்எஸ் வருகிறது. பிள்ளை அதை மேலே தள்ளிவிட்டுக் காணொளியைத் தொடர்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் 450 எம்பி தின்னும். படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. ஆகவே காலையில் இரண்டு மணி நேரம் பார்த்தால் ஒரு நாள் பேக் காலி. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரிசையாக வரும். எங்கள் வீட்டில் முதல் இடம் யூடியூப், அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது இடம் வாட்ஸ்ஆப். பள்ளிக் குழுவில் ஆண்டுவிழாக் காணொளிகள் ஐம்பது வந்து தானாக இறங்கியிருந்தன, அதில் என் பிள்ளை இருந்தது ஒன்றில்.

மாற்ற வேண்டியவை: வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் போய், மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்காதபடி எல்லா டிக்கையும் எடுங்கள். பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட் வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். யூடியூப்பில் மொபைல் டேட்டாவுக்கான படத் தரத்தை டேட்டா சேவருக்கு மாற்றி, ஆட்டோபிளேயை அணையுங்கள்.

இதையெல்லாம்விட எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே மாற்றம். யூடியூப்பும் ஆட்டங்களும் மொபைல் டேட்டாவையே தொடக்கூடாது, வைஃபையில் மட்டும் ஓட வேண்டும் என்று வைத்தேன். ஐபோனில் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பக்கத்தில் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். சாம்சங் போன்களில் டேட்டா யூசேஜுக்குள் எந்த ஆப் எந்த நெட்வொர்க்கில் ஓடலாம் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம் உண்டு. வேறு பல கம்பெனிப் போன்களிலும் இந்தச் சுவிட்ச் இருக்கிறது. சில போன்களில் பின்னணியில் ஓடுவதை மட்டும்தான் நிறுத்த முடியும். அப்படியானால் பிள்ளையிடம் கொடுக்கும்போது மொபைல் டேட்டாவையே அணைத்துக் கொடுப்பது எளிது.

டேட்டா லிமிட் என்ற வசதியை நம்பி ஏமாறாதீர்கள். பொதுவாக அது மாதக் கணக்கில்தான் ஓடும். நம் பேக் நாள் கணக்கு. மாதத்துக்கு 42 ஜிபி என்று எல்லை வைத்தால், இன்றைய 1.5 ஜிபி காலையிலேயே தீர்வதை அது தடுக்காது.

இன்னும் இரண்டு பள்ளங்கள். '5ஜி அளவில்லை' என்ற பேக்கில் போன் வீட்டின் உள்ளறையில் சத்தமில்லாமல் 4ஜிக்கு இறங்கும். அப்போது ஓடுவதெல்லாம் நாள் கணக்கில் கழியும். மற்றது ஹாட்ஸ்பாட். டிவியில் ஒருமுறை இணைத்துவிட்டால் அடுத்த முறை ஹாட்ஸ்பாட் போட்டதும் டிவி தானாக ஒட்டிக்கொள்ளும், பெரிய திரைக்குப் பெரிய தரத்தில் இழுக்கும். 'டேட்டா பூஸ்டர்' போட்டுச் சமாளிக்கலாம் என்று 19, 29 என்று போட ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பூஸ்டர் மட்டும் 300-ஐத் தாண்டியிருந்தது.

4. ஒரே ஆப்பில் நிறுத்திப் பூட்டிக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்று ஒரு வசதி. செக்யூரிட்டி பகுதியில் இருக்கும், தேடல் பெட்டியில் 'பின்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் கிடைக்கும். அதை இயக்கும்போது கீழே இன்னொரு சுவிட்ச் இருக்கிறது: வெளியே வரும்போது பூட்டின் பின்னைக் கேட்பது. அதைப் போடாவிட்டால் மொத்த வேலையும் வீண். கீழிருந்து மேலே இழுத்துப் பிடித்தால் பிள்ளை வெளியே வந்துவிடும்.

இயக்கிய பிறகு, கொடுக்க வேண்டிய ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப்கள் வரிசையாகத் தெரியும் திரைக்குப் போய், ஆப்பின் சின்னத்தைத் தொட்டால் 'பின்' என்று வரும். அவ்வளவுதான். பிள்ளை அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது. ஐபோனில் இதற்கு 'கைடட் ஆக்சஸ்' என்று பெயர், ஆக்சசபிலிட்டி பகுதியில் இருக்கிறது, பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் தொடங்கும்.

ஒரு குறை உண்டு. பின் செய்த ஆப் தானே வேறு ஆப்பைத் திறந்துவிடும் சில நேரம். பள்ளி ஆப்பில் வந்த ஒரு லிங்க்கைத் தொட்டு மகள் பிரவுசருக்குள் போய்விட்டாள். ஐந்து வயதுக்காரனுக்கு இது போதும், ஒன்பது வயதுக்கு அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

நாள் முழுக்கக் கொடுக்க நேர்ந்தால் சாம்சங்கில் 'சாம்சங் கிட்ஸ்' இருக்கிறது, சில ஷாவ்மி போன்களில் 'செகண்ட் ஸ்பேஸ்', வேறு சிலவற்றில் இன்னொரு யூசர் சேர்க்கும் வசதி. உங்கள் போனில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இதற்காக வெளியிலிருந்து ஆப் எதையும் இறக்காதீர்கள். நான் இறக்கிய இரண்டில் ஒன்று என் தொடர்புகளையும் எஸ்எம்எஸ்ஸையும் கேட்டது. டைமர் ஓட்ட எஸ்எம்எஸ் எதற்கு?

ஆண்ட்ராய்டின் 'டிஜிட்டல் வெல்பீயிங்' டைமரைப் பற்றி ஒரு வரி. அது பெரியவர்களின் சுயக்கட்டுப்பாட்டுக்குச் செய்தது. போன் திறந்து இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த டைமரை நீக்கிவிடலாம். என் மகளுக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

படிப்புக்கு வாங்கும்போது என்ன செய்வது? இங்கே இது உண்மையான தேவை. மகளுக்குக் கன்னடம் கட்டாயப் பாடம். காகுணித (உயிர்மெய் வரிசை), ஒத்தக்ஷர (கூட்டெழுத்து) என்று அவள் நோட்டோடு வந்து நிற்கும்போது எனக்கோ அவள் அப்பாவுக்கோ ஒன்றும் தெரியாது. காணொளி பார்த்துத்தான் எழுதப் பழக வேண்டும். பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு அச்சிட்டிருந்தால் மத்திய அரசின் 'திக்‌ஷா' ஆப்பில் ஸ்கேன் செய்யுங்கள். காசில்லை, விளம்பரம் இல்லை, வைஃபையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பள்ளிக் குழுவில் வரும் ஒர்க்‌ஷீட்டை நான் இப்போது தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிடுகிறேன். பக்கம் ஐந்து ரூபாய். பத்து நிமிட வேலைக்குப் போனைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பிடுங்குவதைவிட அது மலிவு.

5. யூடியூப்பைத் தனியாகக் கவனியுங்கள்

சின்னவர்களுக்கு யூடியூப் கிட்ஸ் ஆப் போடுங்கள். நான்கு வயதுவரை, 5–8, 9–12 என்று மூன்று அடுக்கு உண்டு. அதைவிட நல்லது, நீங்கள் ஒப்புக்கொண்ட சேனல்கள் மட்டும் தெரியும்படி வைக்கும் தேர்வு. முதல்முறை அரை மணி நேரம் உட்கார்ந்து பத்துப் பதினைந்து சேனல்களைச் சேர்க்க வேண்டும். அந்தத் தேர்வில் பிள்ளை எதையும் தேட முடியாது. ஆப்புக்குள்ளேயே டைமரும் உண்டு. நேரம் முடிந்ததும் ஆப் தானே நிற்கும். அம்மா பிடுங்கவில்லை, ஆப் தூங்கிவிட்டது என்று ஐந்து வயதிடம் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருக்கிறது. பெற்றோர் பகுதிக்குள் போக ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும், ஆறெட்டு, ஏழொன்பது என்று. பெரியவர்களுக்கு மட்டும் விடை தெரியும் என்பது அவர்கள் எண்ணம். நாலாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடுவரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் இது நடக்குமா? மகள் தம்பிக்கு டைமரை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூலியாக அவனுடைய பங்கு முறுக்கு. அந்தப் பக்கத்திலேயே சொந்தக் குறியீட்டு எண் வைக்கும் தேர்வு இருக்கிறது, முதல் நாளே வைத்துவிடுங்கள்.

பெரிய யூடியூப்பையே பிள்ளை பார்த்தால் ரெஸ்ட்ரிக்டட் மோடைப் போடுங்கள். எல்லாவற்றையும் வடிகட்டாது, ஓரளவுக்கு உதவும். அது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. போனில் போட்டால் டிவியில் போட்டதாக ஆகாது.

6. பழைய போனோ டேப்போ இருந்தால்: ஃபேமிலி லிங்க்

கூகுளின் ஃபேமிலி லிங்க் நல்ல வசதி, காசில்லை. எந்த ஆப் இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஆப்புக்கு ஆப் நேரம் வைக்கலாம், இரவில் தூங்கும் நேரம் குறிக்கலாம். ஆனால் அது பிள்ளையின் கணக்கு உள்ள கருவிக்கானது. உங்கள் வங்கி, ஆபீஸ் எல்லாம் இருக்கும் போனுக்குப் பொருந்தாது. இது தெரியாமல் என் போனிலேயே மகள் கணக்கைச் சேர்க்க ஒரு மாலை முழுக்கப் போராடினேன்.

மேசை டிராயரில் கிடக்கும் பழைய போன் போதும். எங்கள் பழைய போனுக்குப் பேட்டரி மாற்ற 900 ரூபாய் ஆனது. முதலில் அதிலிருந்து உங்கள் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு, பிறகு ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கலாம். பிறந்த வருடத்தைச் சரியாகப் போட்டு, 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையாகக் கணக்கு தொடங்குங்கள். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும். டேட்டா அளவுக்கு எல்லை வைக்கும் வசதி ஃபேமிலி லிங்க்கில் இல்லை, அதனால் சிம் போடாமல் வைஃபையில் மட்டும் வையுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால் காசு கொடுக்கும் முன் இரண்டு காரியம். பழைய சொந்தக்காரரின் கணக்கு உள்ளே இல்லை என்பதைக் கடையிலேயே ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். அடுத்து, போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று தட்டினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) வரும். கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போனாகத் தடை செய்யப்பட்டதா என்று பதிலில் தெரிந்துவிடும். பில்லில் அதே ஐஎம்இஐ எழுதி வாங்குங்கள்.

பிள்ளை பெயரில் சிம் கேட்டு அலைய வேண்டாம். 18 வயது ஆகாதவருக்குத் தரமாட்டார்கள்.

7. வீட்டுக்கு ஒரு வைஃபை

டேட்டா பூஸ்டருக்கும் இரண்டு பெரிய பேக்குகளுக்கும் கொடுப்பதைக் கூட்டினால் வைஃபையே கட்டுப்படியாகும். அடையாளத்துக்கு ஆதார், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், ஒரு மொபைல் எண், இவ்வளவுதான் எங்களிடம் கேட்டார்கள். விளம்பரத்தில் 399 என்று இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 471 ஆகும். ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் இன்ஸ்டலேஷன் காசு தள்ளுபடி என்பார்கள். குடிவந்த புதிதில் ஆறு மாதம் கட்டாதீர்கள், வீடு மாறினால் புது ஏரியாவில் அவர்கள் கேபிள் இல்லாமல் போகலாம். மூன்று மாதம் நல்ல நடுவழி.

முதலில் வீட்டு ஓனரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு ஆள் வந்து, மாடியில் கேபிள் இழுக்க ஓனர் ஒப்புக்கொள்ளாமல் திரும்பிப் போய், மறுபடி வர ஆறு நாள் ஆனது. சொல்லி வைத்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

ரவுட்டரைப் பொருத்தும் ஆளிடமே 'கெஸ்ட் நெட்வொர்க்' (அதே ரவுட்டரில் தனிப் பெயரில் இன்னொரு வைஃபை) ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளின் டேப், டிவி எல்லாம் அதில். இரவு ஒன்பதரைக்கு அதை மட்டும் அணைத்தால் போதும், உங்கள் ஆபீஸ் வேலை நிற்காது. பாஸ்வேர்டை ரகசியமாக வைத்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். திறந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனிலிருந்து வைஃபையைக் கியூஆர் கோடாகக் காட்டி இன்னொரு போனில் ஸ்கேன் செய்ய முடியும். என் மகள் அப்படித்தான் ஆயாவின் (அவள் பாட்டி, என் மாமியார்) போனுக்கு வைஃபை கொடுத்தாள்.

8. பாட்டி போன்

எல்லா வாசலையும் அடைத்த பிறகு பிள்ளைகள் போகும் இடம் இது. என் மாமியார் போனில் பூட்டே கிடையாது. பூட்டுப் போடலாம் அத்தை என்றால், "அவசரத்துக்கு எனக்குத் திறக்க வராதும்மா. குழந்தை கேக்குது, இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்பார். வாதாடி ஜெயிக்க முடியாது. நான் செய்தது அவர் போனிலிருந்து யூபிஐயை எடுத்துவிட்டு, ரீசார்ஜைக் குரல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குக்கு மாற்றியதுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னபிறகு 2025 ஜனவரியிலிருந்து எல்லாப் பெரிய கம்பெனிகளும் இந்த டேட்டா இல்லாத பேக்கை வைத்திருக்கின்றன. ரீசார்ஜ் ஆப்பின் முதல் பக்கத்தில் தெரியாது, தேடித்தான் எடுக்க வேண்டும். அவருக்கு சீரியல் பார்க்க வீட்டு வைஃபை இருக்கிறது. அதுவும் கெஸ்ட் நெட்வொர்க்கில், ஆகவே ஒன்பதரைக்கு ஆயாவும் தூங்கப் போகிறார். இதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

9. லீவுக்கு ஊருக்குப் போகும்போது

ஏப்ரலில் பள்ளி மூடியதும் நாம் எல்லாரும் ஊருக்குக் கிளம்புவோம். ஊர் வீட்டில் வைஃபை இருக்காது, சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் ஒரு ஹாட்ஸ்பாட்டைச் சுற்றி உட்காருவார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டு வைஃபையில் இரண்டு மூன்று படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆட்டோபே பட்டியலை ஒருமுறை பாருங்கள், லீவில் யார் எதற்குப் பின் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. கண்டோன்மென்டில் ரயில் ஏறியதும் போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, யூடியூப் கிட்ஸ் வேண்டாம், இறக்கி வைத்த படத்தை மட்டும் திறந்து, பின் செய்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள். குடியாத்தம் வரும்வரை தாங்கும்.